பிபி கொடுத்தனுப்பிய ஆயிரம் ஷில்லிங்

1994 முதல் 2006 வரை தான்சானியாவில், தார் எஸ் சலாம் நகரில் இருந்தோம். என் கணவருக்கு ஓர் ஆலையில் கணக்கர் வேலை. நான் சாங்கோம்பே பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். போய்ச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு இரண்டு பெயர்கள் வந்துவிட்டன. தெருவில் என் மகன் பெயரோடு சேர்த்து ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. பள்ளியில் ‘ம்வாலிமு’. அதற்கு ஆசிரியர் என்று பொருள். காய்கறி விற்பவர் முதல் பஸ் நடத்துநர் வரை, ஆசிரியர் என்று தெரிந்துவிட்டால் பெயரை விட்டுவிட்டு ம்வாலிமு என்றுதான் அழைப்பார்கள்.

ஆனால் வானொலியில் ‘ம்வாலிமு’ என்று மட்டும் சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். ஜூலியஸ் கம்பராகே நைரேரே. நாட்டின் முதல் அதிபர். தார் எஸ் சலாமை ஒட்டிய புகுவில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1955இல், வகுப்பறையா அரசியலா என்று நிர்வாகம் கேட்டபோது வேலையை விட்டவர். அதன்பின் பிரதமராகி, அதிபராகி, பதவியிலிருந்து இறங்கிய பிறகும் மக்கள் அந்தப் பழைய வேலையின் பெயரைச் சொல்லித்தான் அவரை அழைத்தார்கள்.

1999 அக்டோபர் 14, வியாழக்கிழமை. அவர் லண்டனில் மருத்துவமனையில் இருக்கிறார், ரத்தப் புற்றுநோய் என்பது சில வாரங்களாகவே எல்லோருக்கும் தெரியும். நான்காம் படிவ மாணவர்களுக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் கரும்பலகையில் ஒரு வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. முன் பெஞ்சில் இருந்த பெண் பேனாவை மூடிவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் வானொலியைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தார்கள். அதிபர் ம்காபாவே பேசி அறிவித்தார். எங்கள் தலைமையாசிரியர் ஆஜானுபாகுவான மனிதர், பையன்கள் அவர் நிழலைப் பார்த்தாலே ஓடுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மதிப்பெண் பதிவேட்டின் மேல் வைத்தார். மறுபடி எடுத்தார், மடித்தார், மறுபடி அங்கேயே வைத்தார். அதைத்தான் செய்துகொண்டே இருந்தார். கண்ணீர் தாடைவரை வந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று, “எங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தார், சார்” என்று ஆரம்பித்தேன். விருதுநகர் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். 1975இல் காமராஜர் இறந்த செய்தி கேட்டு, மாற்றுத் துணிகூட எடுக்காமல் அப்பா மெட்ராஸுக்கு பஸ் ஏறியவர். அந்த நினைவு மேலே வந்துவிட்டது. இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன். தலைமையாசிரியர் என் கையை மெல்லத் தொட்டு, “ம்வாலிமு, அவரைப் பற்றி இன்னொரு நாள் நிச்சயம் கேட்கிறேன். இன்றைக்கு எங்களுடையவர் மட்டும்” என்றார்.

அவர் குரலில் கடுமை இல்லை. இருந்தாலும் முகம் சுட்டது. சாவு வீட்டுக்குப் போனால் நம் வீட்டுச் சாவைப் பேசக் கூடாது என்பது நம் ஊரில் எனக்குத் தெரியாததா? ஆனால் அயல் மண்ணில், அதுவும் ஒரு நாடே சாவு வீடாக இருக்கும்போது, அந்தச் சின்ன இங்கிதம் மறந்துபோகிறது. நமக்கும் புரிகிறது என்று காட்டிக்கொள்ளும் அவசரம். பிற நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே ஒரு பெரிய மனிதர் இறந்தால், அன்றைக்கு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். காந்தி, காமராஜர், யாரையும் கொண்டுவர வேண்டாம். அவர்களாகக் கேட்கும் நாள் ஒன்று வரும்.

அப்படியானால் என்ன சொல்வது? அதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பள்ளிச் சமையலறையில் இருந்த பிபி. பிபி என்றால் பாட்டி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். டொடோமா பக்கத்து வறண்ட பூமியில் பிறந்தவர். தினமும் இருநூறு பிள்ளைகளுக்கு உகாலி என்கிற மாவுக் களியும் பீன்ஸும் ஆக்கிப் போடுவார். அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றதும், “‘போலேனி’ என்று சொல். அது போதும்” என்றார்.

‘போலே’ என்பதற்கு நேர்ச்சொல் தமிழில் இல்லை. கல் தடுக்கினாலும் போலே, வேலை முடிந்து களைத்து வந்தாலும் போலே, தாயை இழந்தாலும் போலே. பலரிடம் சேர்த்துச் சொல்லும்போது போலேனி. உன் கஷ்டத்தைப் பார்த்தேன் என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் கோருவதில்லை. காரணம் கேட்பதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. அந்த வாரம் முழுக்க நான் பேசிய சுவாஹிலி பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். போதுமானதாக இருந்தது.

அரசு முப்பது நாள் துக்கம் அறிவித்தது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, ‘பலோஸி’ என்பார்கள். நைரேரேயின் கட்சி காலத்திலிருந்து வந்த ஏற்பாடு. அந்தப் பலோஸி தன் வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, சுவரில் நைரேரேயின் படத்தை மாட்டி, வானொலியை ஒரு முக்காலியில் வைத்தார். ஆண்கள் வெளியே பெஞ்சுகளில், பெண்கள் உள்ளே ஓலைப்பாயில். அங்கே சாவு வீட்டில் அப்படித்தான் உட்காருவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தேன். ஒரு பெண் தன் கங்காவை என் தோளில் போட்டுவிட்டாள். கங்கா என்பது அங்கே பெண்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றும் பூப்போட்ட துணி, அதன் கரையில் ஒரு பழமொழி அச்சிட்டிருக்கும். துக்க வீட்டில் தோளை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும், எனக்கு அது தெரியாது. அவள் ஒன்றும் பேசாமல் போட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. சர்க்கரை, அரிசி, இல்லையென்றால் ‘ரம்பிரம்பி’ என்கிற துக்கப் பணம். நம் ஊர் மொய் மாதிரிதான், நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் வைக்கும் செலவு அதிலிருந்து போகும். தொகை முக்கியமில்லை. நான் இரண்டு கிலோ சர்க்கரை கொண்டுபோனேன்.

வானொலியில் நாள் முழுக்க அவருடைய பழைய உரைகளை ஒலிபரப்பினார்கள். நான் எதிர்பாராத ஒன்று அப்போது நடந்தது. கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த கூட்டம் திடீரென்று சிரித்தது. வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தார்கள். மேடையில் அவர் வகுப்பறையில் பேசுவது போலவே பேசுவார். கேள்வி கேட்பார், பதிலுக்குக் காத்திருப்பார், குரலை மாற்றி நடித்துக் காட்டுவார். ஊழல் செய்யும் அதிகாரியை அவர் கிண்டலடித்த இடத்தில் ஒரு கிழவர் முழங்காலில் தட்டிக்கொண்டு சிரித்தார், சிரிப்பு முடியுமுன்னே அது அழுகையாகிவிட்டது. நினைவுக் கூட்டம் நடத்துபவர்கள் யாரானாலும், பேச்சாளர்களைக் குறைத்துவிட்டு இறந்தவரின் குரலைப் போடுங்கள். பத்துப் பேர் புகழ்ந்து பேசுவதைவிட அவரே ஐந்து நிமிடம் பேசினால் மக்களுக்கு அவர் திரும்பக் கிடைப்பார்.

18ஆம் தேதி திங்கட்கிழமை உடல் வந்தது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனோம். அப்போது அது புகு சாலை, இப்போது அவர் பெயரில் இருக்கிறது. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தலைகள். மரத்தில் ஆட்கள், சுவரில் ஆட்கள். வண்டி கடந்துபோனது சில நொடிகள்தான். அதற்காக நான்கு மணி நேரம் நின்றோம், யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் தேசிய விளையாட்டரங்கில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஏழு வயது மகனை வீட்டில் விடுவதா கூட்டிப்போவதா என்று யோசித்தேன். பக்கத்து வீட்டு அம்மா, “கூட்டி வா, நாளைக்கு அவன் சொல்வான்” என்றாள். வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். பையனுக்குத் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற உடை வேண்டாம். கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அந்த வாரம் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுத்திருக்கலாமே என்று இதுவரை தோன்றியதும் இல்லை. பெட்டியருகே வரும்போது நிற்க விடமாட்டார்கள், நடந்துகொண்டே பார்க்க வேண்டும். பச்சை, மஞ்சள், கறுப்பு, நீலம் என்று தேசியக் கொடி போர்த்திய பெட்டி. என் மகன் கையைக் குவித்துக் கும்பிட்டான். அவனுக்குத் தெரிந்தது அதுதான். முன்னால் நின்ற சிப்பாய் அதைப் பார்த்துவிட்டு அவனுக்காக ஓர் அடி நகர்ந்து இடம் விட்டார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு குஜராத்திப் பெரியவர் நின்றிருந்தார். எனக்கு முன்பே முகப்பழக்கம். அவரை அங்கே பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அவர் குடும்பத்தின் கதை எனக்குத் தெரியும். 1971இல் வந்த சட்டத்தின்படி, ஒரு லட்சம் ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள வாடகைக் கட்டடங்களை அரசு எடுத்துக்கொண்டது. அப்படிக் கட்டடம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். இரண்டு தலைமுறை உழைப்பில் எழுப்பிய மாடி வீட்டை அவர் அப்பா இழந்தார். ஆயிரக்கணக்கானோர் அந்தக் காலத்தில் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் போனார்கள். இவர் போகவில்லை.

“நீங்களா?” என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “வீட்டை எடுத்தார்கள். மறுவருஷம் உகாண்டாவில் இடி அமீன் நம் ஆட்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னான். இங்கே இவர் அதை இனவெறி என்று வெளிப்படையாகச் சொன்னார். வீடு போன கோபமும் இருக்கிறது. நிம்மதியாகத் தூங்கிய நன்றியும் இருக்கிறது. இரண்டையும் கொண்டுவந்திருக்கிறேன்.”

இதை நான் பிற்பாடு நிறைய யோசித்தேன். 1961இல், சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன், குடியுரிமையைக் கறுப்பர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று சட்டசபையில் குரல் எழுந்தபோது, தோலின் நிறத்தை வைத்துக் குடிமகனை அளக்கும் அரசில் இருப்பதைவிட ராஜினாமா செய்வோம் என்று எதிர்த்து நின்றவர் நைரேரே. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமீர் ஜமால் நீண்ட காலம் அவருடைய நிதியமைச்சர். அதே மனிதரின் அரசுதான் கட்டடங்களையும் எடுத்துக்கொண்டது. இரண்டும் உண்மை. அஞ்சலி செலுத்த வருபவர் கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று யாரும் அங்கே எதிர்பார்க்கவில்லை. நாமும் எதிர்பார்க்கக் கூடாது.

21ஆம் தேதி பல நாட்டுத் தலைவர்கள் வந்து அரசு மரியாதை நடந்தது. 23ஆம் தேதி, விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே அவர் பிறந்த புட்டியாமாவில் அடக்கம். அதையெல்லாம் பத்திரிகைகள் விரிவாக எழுதின. எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கப்புறம் பள்ளியில் நடந்தது.

அந்த மாதக் கடைசியில் பள்ளி நினைவுக் கூட்டத்துக்குப் பொறுப்பு என்னிடமும் ஒரு வரலாற்று ஆசிரியரிடமும் வந்தது. வரலாற்று ஆசிரியர் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரிடம், ‘ம்வாலிமு உங்களுக்கு என்ன கொடுத்தார், உங்களிடமிருந்து என்ன எடுத்தார்?’ என்று கேட்டு எழுதி வர வேண்டும். இரண்டாவது கேள்வி வேண்டாமே என்று நான் தயங்கினேன். துக்கக் காலம், யாராவது மனம் நோவார்களே என்று. தலைமையாசிரியர்தான், “இருக்கட்டும். அவர் தன் தவறுகளைத் தானே மேடையில் பேசியவர். நாம் மறைத்தால் அவரை நம்பாதது போல ஆகிவிடும்” என்றார்.

பிள்ளைகள் எழுதி வந்தவற்றை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒருத்தியின் பாட்டி எழுபதுகளில் முதியோர் கல்வி வகுப்பில் மரத்தடியில் எழுதப் படித்தவள், முதலில் எழுதிய சொல் தன் பெயர். ஒருவனின் பெரியப்பா 1978–79 உகாண்டாப் போரில் கால் இழந்தவர். இன்னொருவன் வீட்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தப்பி வந்த இளைஞர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். மொரோகோரோவுக்குப் பக்கத்தில் மசிம்புவில் அவர்களுக்குப் பள்ளிக்கூடமே இருந்தது. தன் நாட்டுக்கே போதாத காலத்தில் மொசாம்பிக், ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா என்று எல்லா விடுதலை இயக்கங்களுக்கும் தார் எஸ் சலாமில் இடம் கொடுத்த நாடு அது.

இரண்டாவது கேள்விக்கு எங்கள் சமையலறையிலிருந்தே பதில் வந்தது. ஒரு பையன் பிபியிடம் போய்க் கேட்டிருக்கிறான். சிதறிக் கிடந்த மக்களை ஒரே இடத்தில் கூட்டி, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் கொடுப்பது என்பது ‘உஜாமா’ கிராமத் திட்டம். உஜாமா என்றால் ஒரு குடும்பமாக வாழ்வது. விரும்பி வரச் சொல்லித்தான் தொடங்கினார்கள். 1973க்குப் பிறகு அது கட்டாயமாயிற்று. சில வருடங்களில் லட்சக்கணக்கான மக்கள் இடம் மாறினார்கள். பல இடங்களில் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், திரும்பிப் போகாதபடி பழைய வீடுகளை இடித்தார்கள், எரித்தார்கள். பிபியின் வீடும் அதில் போயிற்று. விதைக்கு வைத்திருந்த சோளம் உள்ளேயே இருந்தது என்றாராம். புது இடத்தில் மண் சரியில்லை. இரண்டு வருஷம் பசி. அப்புறம் அங்கே பள்ளி வந்தது, பிபியின் மகள் அதில் படித்துச் செவிலியானாள்.

கூட்டத்தில் அந்தப் பையன் இதை வாசித்தபோது பிபி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து ஒன்று மட்டும் சொன்னார்: “என் சோளம் போனது. ஆனால் அதை அவர் தின்னவில்லை.”

அந்த வரி எத்தனை பெரியது என்பதை நான் அந்த நாட்டில் இருந்ததால் புரிந்துகொண்டேன். 1967இல் தன் கட்சி வெளியிட்ட அருஷா பிரகடனத்தில் தலைவர்களுக்கு ஒரு விதி வைத்தார் நைரேரே: இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது, வீடு கட்டி வாடகைக்கு விடக் கூடாது, கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது. அதற்கு முந்தைய வருடம் பல்கலைக்கழக மாணவர்கள் தேசிய சேவையை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். உங்கள் சம்பளம் மட்டும் இத்தனையா என்று அவர்கள் கேட்டதற்கு, ஆமாம், அதிகம்தான் என்று சொல்லித் தன் சம்பளத்தில் இருபது சதவீதத்தைக் குறைத்துக்கொண்டார். அதே கோபத்தில் அந்த மாணவர்களை வீட்டுக்கும் அனுப்பிவிட்டார், அதையும் சொல்ல வேண்டும். விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் சட்டமும் அவர் காலத்தில்தான் வந்தது. 1985இல் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே அதிபர் பதவியிலிருந்து இறங்கி, புட்டியாமாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார். ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்தவரே, பிற்பாடு பல கட்சிகள் வரட்டும் என்று பேசினார். சாகும்போது புருண்டி நாட்டுச் சண்டையைத் தீர்க்கும் பேச்சுவார்த்தைக்கு நடுவராக இருந்தார். அந்த வேலையை அப்புறம் மண்டேலா எடுத்துக்கொண்டார்.

கொள்கையுள்ள தலைவர் என்றால் தப்பே செய்யாதவர் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன் போல. அந்தக் கூட்டத்தில் அது மாறியது. அவருக்கு எது தவறாகப் போனது என்று சொன்ன பிள்ளைகளே, அவர் எதற்கு விலைபோகவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார்கள். வெறும் புகழாரமாக நடத்தியிருந்தால் பிபி பின்வரிசையில் வாய் திறக்காமலே உட்கார்ந்திருப்பார். அவருடைய இடத்தை விட்டுவிட்டு எப்படி அது ‘தேசத்தின் தந்தை’க்கு அஞ்சலி ஆகும்?

அதனால் இன்று எங்கள் ஊரில் பள்ளிகளில் தலைவர்களின் நினைவு நாள் பற்றி யாராவது யோசனை கேட்டால், மாலை, பேச்சுப் போட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த இரண்டு கேள்விகளைச் சொல்வேன். பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கிழவியிடம் போய்க் கேட்கட்டும். கூட்டத்தில் வாசிக்குமுன் சொன்னவரிடம் அனுமதி கேட்பதை மறக்க வேண்டாம். நாங்கள் பிபியிடம் கேட்டிருக்கவில்லை. அவர் பெருந்தன்மையால் அது சங்கடமாகாமல் போயிற்று, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். போலே என்றேன். அவர் சிரித்தார்.

முப்பது நாள் முடிந்தது. கொடிகள் மேலே ஏறின. ஒரு நாள் மதியம் தலைமையாசிரியர் தன் தேநீர்க் கோப்பையோடு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “உங்கள் ஊரில் ஒருவர் இருந்தார் என்றீர்களே, ம்வாலிமு. இப்போது சொல்லுங்கள்” என்றார். நான் சொன்னேன். 1963இல் கட்சியைக் கட்ட முதலமைச்சர் பதவியை விட்டது என்று சொன்னதும் நிறுத்தச் சொன்னார். நைரேரேயும் சுதந்திரம் வந்து ஆறே வாரத்தில், 1962 ஜனவரியில், பிரதமர் பதவியை விட்டுக் கட்சியைக் கட்டக் கிராமம் கிராமமாகப் போனவர் என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்த மேசையில் அவர்தான் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

2003 டிசம்பர் விடுமுறையில் புட்டியாமாவுக்குப் போனோம். அந்த வருடம் புது ஆயிரம் ஷில்லிங் நோட்டு வந்திருந்தது, நைரேரேயின் முகத்தோடு. கிளம்பும் முன் பிபியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் கங்காவின் முந்தி முடிச்சை அவிழ்த்து நான்காக மடித்த ஒரு புது நோட்டை எடுத்தார். “ரம்பிரம்பி. அப்போது என்னால் எங்கேயும் கொடுக்க முடியவில்லை. நீ போய்க் கொடு” என்றார். அவருக்கு அது சின்னத் தொகையில்லை.

தார் எஸ் சலாமிலிருந்து ம்வான்சாவுக்கு ரயிலில் இரண்டு இரவு. டொடோமா தாண்டும்போது ஜன்னலுக்கு வெளியே காய்ந்த பூமியும் பெருத்த பாவோபாப் மரங்களும். பிபியின் சோளம் எரிந்த இடம் இங்கேதான் எங்கேயோ என்று நினைத்துக்கொண்டேன், கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நைரேரே படித்த தபோராவும் அதே பாதையில்தான். ம்வான்சாவிலிருந்து முசோமாவுக்கு பஸ், அங்கிருந்து ஒரு சின்ன வேன்.

புட்டியாமாவில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகள். அவற்றின் நடுவே குடும்பத்து வளாகம், ம்விட்டோங்கோ என்று பெயர். ஆடம்பரம் எதுவும் இல்லை. பக்கத்திலேயே அவருடைய பெற்றோரின் சமாதிகள். ‘கம்பராகே’ என்பது அந்தப் பக்கத்து மழைத் தெய்வத்தின் பெயர், மழையில் பிறந்ததால் அப்படி வைத்தார்களாம். நாங்கள் போன அன்றும் தூறிக்கொண்டிருந்தது. யாரோ பாறை மேல் காயவைத்திருந்த கேழ்வரகை அவசரமாக வாரிக்கொண்டிருந்தார்கள். என் மகன், அப்போது பதினோரு வயது, ஓடிப்போய் முறம் பிடித்தான்.

காவலிருந்த பெரியவரிடம் பிபியின் நோட்டை இரண்டு கையாலும் நீட்டி விஷயத்தைச் சொன்னேன். டொடோமா என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எந்த வருஷம் வீடு போனது என்று மட்டும் கேட்டார், சொன்னேன். நோட்டை வாங்கி, விரித்து, அதில் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முன்பு இருந்தபடியே நான்காக மடித்து என் கையில் திருப்பி வைத்தார். “இங்கே பணம் வாங்குவதில்லை. அந்த அம்மாவின் பெயரை வருகைப் பதிவேட்டில் எழுதுங்கள். அவர் வந்ததாக இருக்கட்டும். என் ஷிக்கமூவைச் சொல்லுங்கள்” என்றார். மூத்தவர்களை வணங்கிச் சொல்லும் வார்த்தை அது. அவர் பிபியைவிட வயதில் பெரியவராக இருப்பார்.

பிபியின் பெயரை முதலில் எழுதினேன், ஊர்: டொடோமா. அதற்குக் கீழே எங்கள் மூவர் பெயர்.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். ஷிக்கமூவைச் சொன்னதும், பதிலுக்குச் சொல்ல வேண்டிய ‘மரஹபா’வை பிபி வடக்கே பார்த்துச் சொன்னார். நோட்டைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு, கடைக்குப் போய் அவ்வளவுக்கும் சர்க்கரை வாங்கி வரச் சொன்னார். பத்து மணித் தேநீர் அண்டாவில் அது முழுவதையும் கொட்டிக் கலக்கினார். அங்கே வழக்கமாகப் பிள்ளைகளுக்குத் தேநீரில் இனிப்பு பேருக்குத்தான் இருக்கும்.

ஒரு சின்னப் பையன் ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டான்.

“ம்வாலிமு வாங்கிக் கொடுத்தது” என்றார் பிபி.

அவன் என்னிடம் வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.